ஜும்மா ராத்திரி – 118

1.8.1988, திங்கள்

தர்மபுரியில் இன்று முதல் ஐந்து நாள் பயிற்சி. பாப்பிரெட்டிப்பட்டியில் ஏழு மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மழைக் கணக்கை இனிமேல் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். ஏற்றியதைத் திரும்ப எடுத்துத் திரையில் படமாகவும் பார்க்கலாமாம். ஒவ்வொரு மழைமானிக்கும் பதிவேடு எழுதுகிறவர் நேரில் வர வேண்டும் என்று கடிதம். எங்கள் ஏரிப் பிரிவு அலுவலகத்தில் பதினோரு வருடமாக அதை எழுதுகிறவன் நான்தான்.

அறைக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தூசு பட்டால் மெஷின் கெட்டுவிடுமாம். பக்கத்து நாற்காலி ஏரியூர் வெங்கடாசலம். "சட்டையையும் கழட்டணுங்களா?" என்று வாசல்காரரைக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். ஏ.சி. குளிரில் மத்தியானம் வரை கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தோம்.

சொல்லித்தருகிறவள் அமீனா என்ற பெண். இருபத்தைந்து வயது இருக்கும். தர்மபுரிதான், அப்பாவுக்குக் கடைவீதியில் பூட்டுக்கடை. என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்க சார், ஒரு அடித்தல் கூட இல்ல" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

2.8.1988, செவ்வாய்

1984, 85, 86 மூன்று வருடக் கணக்கைத் தட்டச்சுப் பலகையில் ஏற்றினோம். ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் டீ வந்துவிடுகிறது.

காலை எட்டரைக்கு மில்லிமீட்டரில் அளந்த மழையை அன்றைய தேதி வரியில் எழுத வேண்டும். வியாழன் இரவு பெய்தது வெள்ளிக்கிழமை வரியில் வரும். வெள்ளி இரவு பெய்தது சனிக்கிழமை வரியில். இது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும், அரை மணி நேரம் இதையே சொன்னாள்.

பிறகு ஒரு வாக்குவாதம். அளக்காத நாளுக்கு சுழியம் போடக்கூடாதாம், 999 என்று போட வேண்டுமாம். நான் சொன்னேன், "எங்க ஆபீஸ்ல கட்டத்தைக் காலியா விடற பழக்கமில்லம்மா. சீட்டு வரலைன்னா மழை இல்லைன்னு அர்த்தம். சுழியம்தான்."

"மழை பெய்யாததும் அளக்காததும் ஒண்ணுங்களா சார்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. காலிக் கட்டம் ஒரு பக்கத்தையே எப்படி அசிங்கமாக்கும் என்று இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்.

3.8.1988, புதன்

இன்று மானம் போயிற்று. அவரவர் ஊர் மழையைக் கிழமை வாரியாகக் கூட்டிப் பார்க்கச் சொன்னாள், சும்மா பயிற்சிக்காக. பச்சைத் திரையில் ஏழு கிழமைக்கு ஏழு வரிசை நட்சத்திரக் குறி. மற்றவர்களுக்கு ஏழு வரிசையும் ஏறக்குறைய ஒரே நீளம். எனக்கு 1984, 85 இரண்டு வருடத்திலும் வெள்ளிக்கிழமை வரிசையில் ஒரு நட்சத்திரம் கூட இல்லை. சனிக்கிழமை மட்டும் இரண்டு பங்கு நீளம். 86இல் எல்லாம் சரியாக இருக்கிறது.

வெங்கடாசலம் எட்டிப் பார்த்தார். "உங்க ஊர்ல வருண பகவானுக்கு வியாழக்கிழமை ராத்திரி லீவுங்களா?" அறையே சிரித்தது. அமீனா சிரிக்கவில்லை. அந்த இரண்டு வருடமும் மழை அளந்தது யார் என்று கேட்டாள்.

"முனாப்னு ஒருத்தன். இப்ப இல்ல. வேலையை விட்டு எடுத்துட்டாங்க."

"ஏங்க சார்?"

"பொய் சொன்னதுக்கு" என்றேன்.

வியாழன் இரவானால் அளக்காமல் எங்கேயோ போய்ப் படுத்திருப்பான். அப்படித்தான் இருக்கும். வேறு எப்படி இருக்கும்?

4.8.1988, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாலு மணிக்கே அமீனா பையை எடுத்தாள். "இன்னைக்கு ஜும்மா ராத்திரிங்க சார். வூட்ல ஃபாத்திஹா ஓதுவாங்க. நான் போய்த்தான் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணணும்."

நான் திருத்தினேன். எதைத்தான் நான் திருத்தாமல் விட்டிருக்கிறேன். "அது நாளைக்கில்லம்மா? இன்னைக்கு வியாழன்."

"வியாழக்கிழமை பொழுது சாஞ்சாலே எங்களுக்கு ஜும்மா வந்துடுச்சுங்க சார். எங்க வூட்டுப் பேச்சுல வியாழனுக்குப் பேரே ஜும்மேராத்துதான். வெள்ளிக்கிழமை ராத்திரியை யாரும் ஜும்மா ராத்திரின்னு சொல்ல மாட்டோம்."

போய்விட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெங்கடாசலம் வந்து தோளைத் தொட்டு, பஸ் போயிடும் என்றார்.

முனாப், குள்ளப்பன் ஏரிக்குக் காவல். ஏரிக்கரை மழைமானியை அளப்பதும் அவர்தான். அளந்ததைத் துண்டுச்சீட்டில் எழுதி, வாரம் ஒரு தடவை பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். தேதி போட மாட்டார், எந்த இரவு மழை என்று எழுதுவார். 'திங்கள் ராத்திரி 12.' 'ஞாயிறு ராத்திரி 4.' 'ஜும்மா ராத்திரி' என்று வந்ததையெல்லாம் வெள்ளி இரவு என்று எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வரியில் எழுதினேன். அதே வாரம் 'வெள்ளி ராத்திரி' என்று இன்னொரு சீட்டும் இருந்தால், இரண்டையும் கூட்டி எழுதினேன். ஒரே ராத்திரிக்கு ஏம்ப்பா ரெண்டு பேரு என்று ஒருநாள் கேட்டிருக்கலாமே. இரண்டு வருடம். கேட்கவே இல்லையே நான்.

85 நவம்பர், தீபாவளி வாரம். 16ஆம் தேதி சனிக்கிழமை விடியற்காலையில் ஏரி உடைந்தது. ஏரிக்குக் கீழே மாட்டுக்கொட்டாயில் படுத்திருந்த கோவிந்தன் தண்ணீரோடு போய்விட்டான். அந்த வாரக் கடைசியில் விட்டு விட்டு மழை. எந்த இரவு எவ்வளவு என்று பின்னால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மதகுச் சாவி எங்கள் ஆபீஸ் ஆணியில்தான் தொங்கும். விசாரணையில் முனாப் சொன்னார், "ஜும்மா ராத்திரி 118 பெஞ்சுதுங்க. வெள்ளிக்கிழமை காலையில நேரா ஆபீசுக்கு வந்து, ஏரி தாங்காது, சாவியோட ஆள் அனுப்புங்கன்னு ராஜப்பன் சார்கிட்ட சொன்னேன்." ராஜப்பன் எங்கள் பிரிவு அதிகாரி. அப்படி யாரும் வரவில்லை என்றார். என் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். வெள்ளி, சுழியம். சனி, 118.

"வெள்ளி ராத்திரி பெஞ்ச மழையை வெள்ளிக்கிழமை காலையிலேயே எப்படிய்யா வந்து சொன்னே?"

மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் "ஜும்மா ராத்திரிதாங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதியது நான். 'வெள்ளிக்கிழமை இரவு' என்று தெளிவாக, அழகாக எழுதினேன்.

அய்யோ.

5.8.1988, வெள்ளி

15.11.1985, எல்லா ஊரும் ஒரே திரையில் வேண்டும் என்று அமீனாவிடம் கேட்டேன். தட்டினாள். அந்த வெள்ளிக்கிழமைக்கு ஊர் ஊராக நட்சத்திரம் நீண்டுகொண்டே போயிற்று. எங்கள் ஊருக்கு நேரே மட்டும் வெறும் இடம். அடுத்த நாளுக்குத் தட்டினால் மற்ற ஊர்களில் நாலைந்து நட்சத்திரம், எங்களுக்குத் திரை முழுக்க.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவரு சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு எங்க ஆளுங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலைங்களா சார்?" என்றாள். பிறகு இரண்டு நாள் படத்தையும் அச்செடுத்துக் கிழித்துக் கொடுத்தாள்.

மாலையில் எல்லோருக்கும் சான்றிதழ். 'குப்புராஜ், சிறப்பாகப் பயிற்சி முடித்தார்' என்று என்னுடையதில் இருக்கிறது.

6.8.1988, சனி

ஆபீஸ் பீரோவில் 85ஆம் வருடச் சீட்டுக்கட்டு கம்பியில் கோத்தபடியே இருந்தது. நவம்பரில் அந்த வாரத்துக்கு ஒரே ஒரு சீட்டு. வெள்ளி ராத்திரிக்குச் சீட்டு இல்லை, எப்படி இருக்கும், மழைமானியே ஏரியோடு போய்விட்டதே.

'ஜும்மா ராத்திரி 118. ரொம்ப ஜாஸ்தி.'

ரொம்ப ஜாஸ்தி. மற்ற எந்தச் சீட்டிலும் அவர் எண்ணுக்கு மேல் ஒரு சொல் எழுதியதில்லை.

வீட்டுக்கு வந்து என் 85ஆம் வருட டைரியைத் தேடி எடுத்தேன். நவம்பர் 18, திங்கள்: 'லீவு முடிந்து ஆபீஸ். முனாப் சீட்டு ஒன்றே ஒன்று. வெள்ளி காலியாக இருந்தது, சுழியம் போட்டு வாரத்தை முடித்தேன். முறுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.'

இதை எழுதியது நான்தானா? கோவிந்தன் செத்து இரண்டு நாள் அப்போது.

7.8.1988, ஞாயிறு

மனைவி தீர்த்தம்மாள் இரண்டு நாளாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளிடம் சொன்னேன். ஜும்மா ராத்திரி என்றால் வியாழன் இரவாம் என்றேன்.

"அது எனக்குத் தெரியுமேங்க" என்றாள். "எதிர்வூட்டு குல்ஷன் வியாழக்கிழமை சாயங்காலமானா சர்க்கரை கொடுத்தனுப்புதே. ஜும்மா ராத்திரிக்கு ஓதுனதுன்னு சொல்லித்தான் கொடுக்கும். நீங்களுந்தானே திங்கறீங்க."

பன்னிரண்டு வருடமாக அந்தச் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

9.8.1988, செவ்வாய்

ராஜப்பன் சார் முன்னால் சீட்டையும் அச்சுப் படத்தையும் வைத்தேன். பதிவேட்டைத் திருத்த அனுமதி கேட்டேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றி வைத்தார்.

"முடிஞ்ச பைலை எதுக்குங்க தோண்டறீங்க? யாரைக் குத்தம் சொல்றது. தீபாவளி லீவுல ஆபீஸ்ல ஒரு ஆளில்ல. திடுதிப்புன்னு அவன் வந்து நின்னா நான் எங்க போய் ஆள் புடிக்கிறது?"

சொல்லிவிட்டு நிறுத்தினார். எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

"அப்ப அவரு வந்தாருங்களா சார்?"

மின்விசிறியை வேகமாக வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "திருத்தினா முதல்ல மாட்டறது நீங்கதான் குப்புராஜ். அளக்காத நாளுக்கு சுழியம் போட்டிருக்கீங்க. அது பொய்ப் பதிவு. ப்ரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம், பாத்துக்குங்க" என்றார். பதிவேட்டை எடுத்துத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

சீட்டையும் படத்தையும் நான் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவற்றை அவர் கேட்கவில்லை.

10.8.1988, புதன்

நான் தெரியாமல் செய்தேன். அவருக்குத் தெரியும். மூன்று வருடமாகத் தெரிந்தே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

தெரியாமல் செய்தேன் என்பது எனக்குச் சமாதானமா? இல்லை.

12.8.1988, வெள்ளி

முனாப் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஸ்டவ் ரிப்பேர் செய்கிறார். மூன்று வருடமாக அந்தப் பக்கம் வராமல் டீக்கடை வழியாகச் சுற்றிப் போகிறேன். பொய்யன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று தொழுகை முடிந்து அவர் வந்து உட்காரும் வரை காத்திருந்து போனேன். ஏதோ ஸ்டவ் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார். சீட்டைக் காட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பர்னரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்று கூட இருந்தது.

"அப்ப நான் ஆபீசுக்கு வந்தது வெள்ளிக்கிழமைதாங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ரிஜிஸ்டர்ல இருக்குதுன்னாங்க. நீங்க எழுதினது. உங்க எழுத்துல தப்பு வராதுன்னு எல்லாரும் சொல்வாங்க. மொதல்ல நான் சொன்னதுதான் நெசம்னு நின்னேன். போகப்போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க. நாந்தான் நாளு மறந்துட்டு, ஒரு நாள் லேட்டா வந்து சொல்லியிருப்பேன், அதுக்குள்ள அந்தப் பையன் போயிட்டான்னு. எங்க அஸ்கரி சொன்னா, நீங்க வெள்ளிக்கிழமைதான் போனீங்க, அன்னைக்கு ஜும்மா தொழுகைக்குக் கூட நிக்கலைன்னு. சொந்தப் பொண்டாட்டி பேச்சையே நம்பலைங்க நானு."

மூன்று வருடமாகத் தானே கோவிந்தனைக் கொன்றதாக அவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். என் எழுத்து சுத்தமாக இருந்ததால்.

வேலையைத் திரும்ப வாங்கித் தர எழுதுகிறேன் என்றேன். "அது அப்புறங்க சார். கோவிந்தனோட அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. அந்தம்மா எம் மூஞ்சில மண்ணை வாரித் தூத்துச்சு. நாங்க வூட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்ததே அதனாலதான்."

15.8.1988, திங்கள்

கொடியேற்றம் முடிந்ததும் நானும் முனாப்பும் ஏரிக்குக் கீழே இருக்கும் குள்ளப்பன் கொட்டாய்க்குப் போனோம். ஊருக்குள் அவர் எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

கோவிந்தனின் அம்மா பெரியம்மாள் வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். முனாப்பைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நின்றபடியே சொன்னேன். முதலில் கம்ப்யூட்டர், பதிவேடு என்று ஏதேதோ உளறினேன். அவருக்குப் புரியவில்லை. பிறகு வெறுமனே சொன்னேன்: இவர் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து சொல்லிவிட்டார். ஆபீசில் ஆள் அனுப்பவில்லை. நான் தப்பாக எழுதி இவரைப் பொய்யனாக்கிவிட்டேன்.

உரிப்பதை நிறுத்தினார்.

"அப்ப வெள்ளிக்கிழமை பூரா நேரம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சும்மா."

"அன்னைக்கு மத்தியானம் வூட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுத்தான் போனான். கொழம்புல உப்பு கம்மின்னு சண்டை புடிச்சிட்டுப் போனான்." மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு, "ஒரு பகல் பூரா இருந்துருக்குது" என்றார்.

அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த சாக்கை உதறி முனாப் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க பாய்" என்றார். அவர் உட்கார்ந்தார். பிறகு உடைந்து அழுதார். நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

22.8.1988, திங்கள்

மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். சீட்டு, அமீனா கொடுத்த படங்கள், என் கைப்பட நாலு பக்கம். ராஜப்பன் சொன்னதையும் அவர் சொன்னபடியே எழுதினேன். வாசகம் சரியா என்று தீர்த்தம்மாளைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அனுப்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

14.2.1989, செவ்வாய்

எனக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்துவிட்டது. ப்ரமோஷன் பட்டியலும் இன்றே வந்தது, என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். ராஜப்பனிடம் விளக்கம் மட்டும் கேட்டிருக்கிறார்கள். அவர் அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

11.9.1989, திங்கள்

ஆணை வந்தது. முனாப் மறுபடியும் ஏரிக் காவல், மழைமானியும் அவரிடமே. எனக்குக் கண்டிப்பு. ராஜப்பன் ஜூன் மாதமே மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுச் சேலம் போய்விட்டார். அவர் பெயர் ஆணையில் ஒரு இடத்திலும் இல்லை. 'பதிவேட்டில் நேர்ந்த பிழை' என்று மட்டும் இருக்கிறது.

பதிவேடு கைக்கு வந்ததும் திருத்தினேன். 16.11.1985 வரியில் 118ஐச் சிவப்பு மையால் அடித்து, 15ஆம் தேதி சுழியத்தை அடித்து, அங்கே 118 எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். 16க்கு 'அளக்கப்படவில்லை'. பன்னிரண்டு வருடத்தில் முதல் அடித்தல். கோடு நேராக வரவில்லை.

6.11.1989, திங்கள்

புது ஆபீசர் வந்ததிலிருந்து ஒரே கடித வேலை. மத்தியானம்தான் பஸ்ஸில் வந்த சீட்டுகளைப் பார்த்தேன். முனாப் வழக்கம்போலத் தேதி போடவில்லை. 'செவ்வாய் ராத்திரி 9.' 'புதன் ராத்திரி 22.' அடுத்தது, 'ஜும்மா ராத்திரி 31.' அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், ஒரு சொல். 'வியாழன்.'

எனக்காக எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வரியில் 31 எழுதினேன். வெள்ளி ராத்திரிக்குச் சீட்டு இல்லை. சனிக்கிழமைக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நாளைக் காலை பஸ்ஸில் போய் அவரைக் கேட்க வேண்டும்.